வீட்டில் கார் சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மின்சாரக் கார் வாங்கிய முதல் சில மாதங்களில் வரும் தொல்லைகளில், நான் பார்த்தவரை, பாதிக்கு மேல் காரில் இருப்பதில்லை. சுவருக்குள் இருக்கின்றன. நம் வீட்டு வயரிங் இதுவரை இப்படி ஒரு லோடைச் சுமந்ததே இல்லை. கீசர் 2,000 வாட் இழுக்கும், ஆனால் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். ஏ.சி. விட்டுவிட்டு ஓடும். 15 ஆம்பியர் பிளக்கில் செருகும் கார் சார்ஜரோ 3,000 வாட்டுக்கு மேல் இழுத்தபடி இரவு முழுக்க நிற்காமல் ஓடும். 24 யூனிட் பேட்டரி உள்ள சின்னக் காருக்கே, காலியாக இருந்தால், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருபது வருடமாக யார் கண்ணிலும் படாத தளர்ந்த திருகும், காய்ந்துபோன எர்த் குழியும் முதல் வாரத்திலேயே வெளியே வந்துவிடும்.

அதனால் சார்ஜர் ஒரு பிழை காட்டினால் அதை எப்படி வாயடைப்பது என்று பார்க்காதீர்கள். எதைச் சொல்கிறது என்று பாருங்கள். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

கையில் ஒரு மல்டிமீட்டரும் ஓர் இஸ்திரிப் பெட்டியும் இருந்தால் போதும். மின்சாரம் ஓடும் சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பழக்கமில்லை என்றால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து, இதைக் காட்டி, அளக்கச் சொல்லுங்கள். சாக்கெட்டையோ டிபி பாக்ஸையோ (வீட்டு லைன்கள் பிரியும் சுவிட்ச் பெட்டி) திறக்கும் வேலை எல்லாம் மெயினை அணைத்த பிறகுதான்.

செருகியதும் சிவப்பு விளக்கு. "எர்த் இல்லை" என்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். மிக மோசமாகத் "தீர்த்து" வைக்கப்படுவதும் இதுதான்.

சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால், மேலே பெரிய துளை எர்த், வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். மூன்று அளவு எடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 230 வோல்ட் இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

பேஸ்–எர்த் அளவு 60, 110 என்று எங்கோ நின்றால் எர்த் வயர் சாக்கெட்டுக்கு வரவே இல்லை, அல்லது வழியில் அறுந்திருக்கிறது. பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பின்னால் இரண்டு வயர்தான் இருக்கும். நடுவில் ஏதாவது மல்டிபிளக், கன்வெர்ட்டர் பின் வைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பலவற்றில் எர்த் பின் பெயருக்குத்தான் இருக்கும்.

இடது துளைக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வந்தால் பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கின்றன. ஃபேனும் ஃபிரிட்ஜும் இதைக் கண்டுகொள்ளாது. பல கார் சார்ஜர்கள் ஒத்துக்கொள்ளாது. வயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

நியூட்ரல்–எர்த் அளவு 5, 10 வோல்ட் என்று ஏறி நின்றால் இரண்டு சாத்தியம். எர்த் குழி பலவீனமாக இருக்கலாம், அல்லது நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கலாம். மே மாதம் சிவப்பு, மழை பெய்தால் பச்சை என்று மாறிக்கொண்டிருந்தால் குழி காய்ந்துவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அளவு இறங்கினால் நோய் தெரிந்துவிட்டது. ஆனால் தண்ணீர் மருந்து இல்லை. குழியில் இறங்கும் கம்பி போல்ட்டோடு சேரும் இடத்தில் துருப்பிடித்து இற்றிருக்கும், அதை முதலில் பாருங்கள். அதுவும் சரி என்றால் புதிதாக ஒரு பைப் எர்த் போட்டு, எர்த் டெஸ்டரால் அளந்து 5 ஓம்-க்குள் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். மல்டிமீட்டர் 230 காட்டுவதை மட்டும் வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. மீட்டருக்குத் தேவைப்படும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. இற்றுப்போன கம்பி வழியாகக்கூட அது வந்துவிடும்.

இப்போது அந்தக் குறுக்குவழி. சாக்கெட்டுக்குள் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். சார்ஜர் உடனே பச்சை காட்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் நியூட்ரல் மீட்டர் பக்கத்திலோ கம்பத்திலோ என்றைக்காவது விட்டுப்போனால், அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒரு குழந்தை கதவைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தயவுசெய்து இதை யாரையும் செய்ய விடாதீர்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இப்படிச் செய்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே லைனில் உள்ள இன்னொரு சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு, கார் சாக்கெட்டில் நியூட்ரல்–எர்த் அளவைப் பாருங்கள். லோடு ஓடும்போது அது சிறிதாவது அசைய வேண்டும். லோடு போட்டாலும் எடுத்தாலும் சுத்தமாக 0.0 என்று ஒட்டிக்கொண்டிருந்தால், மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

பிளக் சுடுகிறது; கருகிய வாடை வருகிறது

உடனே நிறுத்துங்கள். முதலில் காரிலோ ஆப்பிலோ சார்ஜை நிறுத்தி, பிறகு சுவிட்சை அணைத்து, கடைசியாகப் பிளக்கைப் பிடுங்குங்கள். லோடு ஓடும்போதே பிடுங்கினால் பொறி பறக்கும், பின் இன்னும் கெட்டுப்போகும்.

இளஞ்சூடு இயல்பு. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைப் பிடித்துப் பாருங்கள். தாராளமாகப் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தால் சரி. ஐந்து விநாடிகூடப் பிடிக்க முடியவில்லை என்றால் சரியில்லை. பின்னில் பழுப்பு நிறமோ சாக்கெட் துளையில் உருகிய தடமோ இருந்தால் அந்த சாக்கெட்டின் ஆயுள் முடிந்துவிட்டது.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அலட்சியம் வராது. சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்வும் தகடு தளர்ந்து, அங்கே 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 22 வாட் வெப்பம் பிறக்கும். ஈயத்தை உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் எட்டு மணி நேரம் செருகி வைத்தது போலத்தான். எங்கள் வீட்டில் கார் ஷெட்டில் இருந்த சாக்கெட் இப்படித்தான் போனது. வெளியே பார்க்கப் புதிது போல இருந்தது. கழற்றினால் உள்ளே நியூட்ரல் திருகு அரைச் சுற்று லூஸ், வயரின் உறை இரண்டு அங்குல நீளத்துக்குக் கருகிச் சுருண்டிருந்தது.

சாக்கெட்டை மாற்றும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கனமான 16 ஆம்பியர் சாக்கெட்டாக வாங்குங்கள். கருகிய வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு இணைக்கச் சொல்லுங்கள். பழைய கருத்த முனையைப் புது சாக்கெட்டில் முறுக்கினால் மூன்று மாதத்தில் அதே கதைதான். பிளக்கின் பின் கருத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கெட்ட பின் புது சாக்கெட்டையும் கெடுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து சார்ஜ் செய்வது எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

ஓரிரு மணி நேரம் ஓடிய பிறகு எம்.சி.பி. விழுகிறது

எம்.சி.பி. என்பது லோடு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச். செருகிய உடனே விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கலாம். மறுபடி மறுபடி தூக்கி விடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்து, இரண்டாவது மணி நேரத்திலோ மூன்றாவது மணி நேரத்திலோ விழுந்தால் அது சூட்டால் விழுகிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. வழியாக 15 ஆம்பியர் விடாமல் ஓடுகிறது. அது அடைபட்ட டிபி பாக்ஸில், மேற்கு வெயில் படும் சுவரில், ஏ.சி. எம்.சி.பி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரி வெப்பத்தை வைத்துக் குறிக்கப்படுவது. பெட்டிக்குள் 50 டிகிரி இருந்தால் அது சொன்ன அளவுக்கு முன்னாலேயே விழும்.

இங்கே சுலபமாகச் செய்யும் தவறு, எம்.சி.பி.யை மட்டும் 32 ஆம்பியருக்கு மாற்றுவது. எம்.சி.பி. காரைக் காப்பாற்ற வைத்தது அல்ல, சுவருக்குள் போகும் வயரைக் காப்பாற்ற வைத்தது. முதலில் எம்.சி.பி. திருகுகளை இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த திருகே பாதி நேரம் காரணம். காரிலோ சார்ஜரிலோ ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் 10-இல் வைத்து ஓரிரவு ஓட்டிப் பாருங்கள். விழவில்லை என்றால் சூடுதான் என்று உறுதியாகிவிடும். நிரந்தரத் தீர்வு, மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கென்று தனி லைன்: 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்). சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர் ஓடும். வயர் 6 ஸ்கொயருக்குக் குறையக்கூடாது. வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடையும் கூட்ட விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

ஆர்.சி.சி.பி. விழுகிறது, வீடே இருட்டாகிறது

எம்.சி.பி. லோடுக்கு விழும், ஆர்.சி.சி.பி. கசிவுக்கு விழும். கண்டுபிடிக்க வரிசையாகப் போங்கள். கார் சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைப் போடுங்கள். அதற்கும் விழுந்தால் கோளாறு லைனில். குறிப்பாக, புதிதாக இழுத்த லைனின் நியூட்ரலை டிபி பாக்ஸில் தவறான நியூட்ரல் பட்டையில் கொடுத்துவிட்டார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. வழியாகப் போன மின்சாரம் அதே வழியாகத் திரும்பவில்லை என்றால் அதற்குக் கசிவு என்றுதான் தெரியும். புது லைன் போட்ட மறுநாளே விழ ஆரம்பித்தால் பெரும்பாலும் இதுதான்.

இஸ்திரிப் பெட்டிக்கு விழவில்லை, காருக்கு மட்டும் விழுகிறது என்றால், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கணினி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு சார்ஜ் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். தனித்தனியாகக் குற்றமற்ற ஐந்து சாதனங்கள் சேர்ந்து அதைக் கவிழ்த்துவிடும். காருக்குத் தனி ஆர்.சி.சி.பி. வைத்தால் தீர்ந்தது. எல்லாவற்றையும் பிடுங்கியும் விழுந்தால், இன்னொரு வீட்டில் நல்ல எர்த் உள்ள சாக்கெட்டில் அதே சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். அங்கும் விழுந்தால் சார்ஜரோ காரோ, சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியதுதான்.

வாங்கும்போது 'டைப் ஏ' என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண 'ஏ.சி. டைப்' (மாறு மின்னோட்டக் கசிவை மட்டும் அறியும்) ஆர்.சி.சி.பி.க்குக் காரிலிருந்து வரக்கூடிய டி.சி. (நேர் மின்னோட்ட) கசிவு தெரியாது. அந்தக் கசிவு இருக்கும்போது நிஜமான ஆபத்துக்கும் அது விழாமல் போகலாம். சார்ஜருக்குள் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு இல்லை என்றால் விலை கூடிய 'டைப் பி' தேவைப்படும். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

மழை நாளில் மட்டும் விழுந்தால் சாக்கெட் பெட்டிக்குள்ளோ குழாயிலோ தண்ணீர் இறங்குகிறது.

லைட் மங்குகிறது, சார்ஜ் மெதுவாக ஏறுகிறது

சார்ஜ் தொடங்கும் முன் சாக்கெட்டில் ஓர் அளவு, ஓடும்போது அதே லைனின் அடுத்த சாக்கெட்டில் ஓர் அளவு. 228 இருந்தது 223 ஆனால் கவலை இல்லை. 25 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் வயரில் ஐந்தாறு வோல்ட் இறங்கத்தான் செய்யும். 228 இருந்தது 205 ஆனால், 23 வோல்ட்டை 15 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள். சுமார் 345 வாட் எங்கோ வழியில் வெறும் வெப்பமாகப் போகிறது. எங்கே என்பதுதான் கேள்வி. ஓடும்போதே டிபி பாக்ஸில் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள், அப்புறம் மீட்டர் பெட்டியில். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே வோல்டேஜ் தொலைகிறதோ அங்கேதான் கெட்ட இணைப்பு. பழைய பீங்கான் ஃபியூஸ் கேரியர் இருந்தால் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

எந்த லோடும் இல்லாமலே மீட்டரில் 190 காட்டினால் அது மின்வாரியத்தின் பக்கம். தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில், 94987 94987 என்ற எண்ணில், புகார் பதிவு செய்யுங்கள். அதுவரை சார்ஜை இரவு 11 மணிக்கு மேல் தொடங்குங்கள். மூன்று பேஸ் வீடாக இருந்தால் ஏ.சி.யும் மோட்டாரும் இல்லாத பேஸுக்குக் காரை மாற்றச் சொல்லுங்கள்.

மூன்று பேஸ் வீட்டில் ஓர் அறிகுறி வந்தால் மட்டும் அளந்துகொண்டு நிற்கவே கூடாது. சார்ஜ் தொடங்கியதும் ஓர் அறையில் லைட் மங்கி, இன்னோர் அறையில் கண் கூசும்படி பிரகாசமானால் மெயின் நியூட்ரல் விட்டுப்போகிறது. ஒரு பேஸ் 150-க்கு இறங்கும்போது இன்னொன்று 300-ஐத் தாண்டும். டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் நிமிடங்களில் போய்விடும். ஓடிப்போய் மெயினை அணையுங்கள். பிறகு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

எல்லாம் பச்சை, ஆனால் சார்ஜ் ஏறவில்லை

காரிலோ ஆப்பிலோ நேரம் குறித்து வைத்திருக்கிறீர்களா, 80 சதவீதத்தோடு நிறுத்தும்படி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். வீட்டில் வேறொருவர் மாற்றியிருக்கலாம். கன் (காரில் செருகும் முனை) முழுவதும் உள்ளே போய் 'கிளிக்' என்று பூட்டியதா? காரே உயிரில்லாமல் கிடந்தால் 12 வோல்ட் சின்ன பேட்டரி இறங்கியிருக்கும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் அது இல்லாமல் கார் விழிக்காது. கையேட்டில் சொன்ன முறைப்படி மட்டும் அதற்கு உயிர் கொடுங்கள்.

மின்வெட்டு வந்ததும் இன்வெர்ட்டர் கத்துகிறது

கார் சாக்கெட்டை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறார்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் 3,000 வாட்டைத் தாங்காது. லைனை நேரடி மின்சாரத்துக்கு மாற்றுங்கள். கூரையில் சோலார் இருந்தும் மின்வெட்டில் கார் ஏறவில்லை என்றால் அது கோளாறு இல்லை. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் கூரை மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக, கிரிட்டோடு இணைந்த சோலார் தானாக நின்றுவிடும்.

சதவீதம் திடீரென்று குதிக்கிறது

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் வோல்டேஜ் நடுப்பகுதியில் அசையாமல் நிற்கும். அதனால் எவ்வளவு மீதி என்று கார் போடும் கணக்கு மெல்ல மெல்லத் தவறும். கையேடு சொல்லும் இடைவெளியில் 100 வரை ஏற்றி, நின்ற பிறகும் சிறிது நேரம் செருகியே வையுங்கள். கடைசி சில சதவீதம் மெதுவாக ஏறுவதும் இயல்புதான்.

பில் மூன்று மடங்கு வந்துவிட்டது

இது பெரும்பாலும் கோளாறு இல்லை, அடுக்குக் கட்டணம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 1,175 ரூபாய். கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர், வழியில் வீணாவதும் சேர்த்து, இரண்டு மாதத்துக்குச் சுமார் 320 யூனிட். மொத்தம் 720. இங்கேதான் அடி விழுகிறது. 500-ஐத் தாண்டியதும் 101-லிருந்து 200 வரை இருந்த 2.35 ரூபாய்ச் சலுகையும் போய்விடும். மேலே உள்ளவை 8.40, 9.45 என்று ஏறும். பில் 4,014 ரூபாய். கார் யூனிட் ஒன்றுக்குச் சுமார் 8.90 விழுகிறது. ஆனாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள்தான். லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால், அதே 2,000 கிலோமீட்டருக்கு 13,000 ரூபாய்க்கு மேல் ஆகும்.

இந்தக் கணக்குக்குப் பொருந்தாமல் பில் வந்தால்தான் தேட வேண்டும். கார் காட்டும் யூனிட்டையும் மீட்டரில் ஓடிய யூனிட்டையும் ஒரே இரவில் ஒப்பிடுங்கள். மற்ற சாதனங்களை முடிந்தவரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். மீட்டர் 10, 15 சதவீதம் கூடுதலாகக் காட்டுவது சகஜம். 25-ஐத் தாண்டினால் மேலே சொன்ன வோல்டேஜ் அளவை எடுங்கள். காணாமல் போகும் யூனிட் அநேகமாக ஏதோ ஓர் இணைப்பைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. கார் லைனில் ஒரு சின்ன சப் மீட்டர் மாட்டிவிட்டால் இந்த வேலையை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியதில்லை. அடுக்ககத்தில் கீழே பார்க்கிங்கில் சார்ஜ் செய்கிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். அங்கே சாக்கெட்டை நெஞ்சு உயரத்துக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பல பார்க்கிங்குகளுக்குள் தண்ணீர் வந்தது. தண்ணீரில் நின்ற காரை, காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும், சர்வீஸ் சென்டரில் பார்த்துச் சொல்லும்வரை செருகாதீர்கள்.